வீட்டுப் பெரியவர்கள்: கண் மங்கினால் பொழுதும் மங்க வேண்டுமா?

"கோலத்தை இனிமே நான் போட்டுக்கிறேன் அத்தை, நீங்க விடுங்க."

"பேப்பரைக் கீழ வைங்க தாத்தா, கண்ணுக்கு ஏன் சிரமம்?"

"உனக்கு எதுக்கும்மா இந்த ஊசி நூலெல்லாம்? கையில குத்திக்கப் போற."

மூன்றுமே அக்கறையில் சொல்லப்படும் வார்த்தைகள்தான். ஆனால், ஒரே வீட்டில் ஒரே ஆள் இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் என்ன ஆகும்? காலையில் கோலம் இல்லை, பத்து மணிக்குப் பேப்பர் இல்லை, மதியம் தையல் இல்லை. மிச்சம் இருப்பது ஒரு நாற்காலி, சத்தமாக ஓடும் டி.வி., பகல் தூக்கம். பகலில் தூங்கினால் ராத்திரி தூக்கம் வராது. 'அம்மா இப்பல்லாம் யார்கிட்டயும் பேசறதே இல்லை' என்று கொஞ்ச நாளில் நாமே சொல்ல ஆரம்பிப்போம்.

பாதியைக் கண் எடுத்துக்கொண்டது என்றால், மீதியை நம் அக்கறை எடுத்துக்கொள்கிறது. பார்வை குறைந்தவர்கள் பிடித்ததை விட்டுவிட வேண்டியதில்லை. அதைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும். எப்படி மாற்றுவது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

கண்ணாடி போட்டும் தெரியலையா?

கண்ணாடி, மருந்து, ஆபரேஷன் எல்லாம் பார்த்த பிறகும் பார்வை சரியாகாமல், அதேசமயம் முழுசாகவும் போகாமல் இருப்பதைத்தான் 'லோ விஷன்', அதாவது குறைப்பார்வை என்கிறார்கள். மற்றவர்கள் 18 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும் எழுத்தை, 6 மீட்டருக்குள் வந்தும் படிக்க முடியாத நிலை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்கூட, பார்வையின்மையைத் தனியாகவும் குறைப்பார்வையைத் தனியாகவும்தான் சொல்கிறது.

வயதானால் அப்படித்தான் இருக்கும் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. கண்புரையாக இருந்தால் ஆபரேஷனிலேயே பார்வை திரும்பும். அதனால் முதல் வேலை கண் டாக்டரைப் பார்ப்பது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் குறைப்பார்வைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மிச்சமிருக்கும் பார்வையை எப்படிப் பயன்படுத்துவது, எந்த லென்ஸ் சரிவரும் என்று அங்கே சொல்லித்தருவார்கள். திடீரென்று பார்வை மங்கினாலோ, நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருந்தாலோ ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

'எறும்பு தெரியுது, என் மூஞ்சி தெரியலையா?'

குறைப்பார்வை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. வீட்டில் வரும் பாதிச் சண்டைகளுக்கு இதுதான் காரணம்.

வயதானவர்களுக்கு வரும் மாக்குலா தேய்மானத்தில் பார்வையின் நடுப்பகுதி போய்விடும், ஓரம் நன்றாக இருக்கும். அப்படிப்பட்ட ஒரு பாட்டிக்குத் தரையில் ஓரமாக ஊரும் எறும்பு தெரியும். எதிரே நிற்கும் மருமகளின் முகம் தெரியாது. 'வேணும்னே பண்றாங்க' என்று வீட்டில் நினைப்பார்கள். பாட்டி நடிக்கவில்லை. முகத்துக்கு நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்க்கப் பயிற்சி கொடுத்தால், ஓரப் பார்வையை வைத்தே ஓரளவு அடையாளம் கண்டுபிடிப்பார்கள்.

க்ளாக்கோமா இதற்கு நேரெதிர். ஓரம் போகும், நடு மிஞ்சும். ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. பேப்பர் படிக்கிற தாத்தா வாசல்படியில் தடுக்கி விழுவார். இவருக்கு எழுத்தை ரொம்பப் பெரிதாக்கிக் கொடுத்தால் சிரமம்தான் கூடும், பாதி எழுத்து பார்வைக்கு வெளியே போய்விடும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவர்களுக்குத் திட்டுத் திட்டாகத் தெரியும். நேற்று தெரிந்தது இன்று தெரியாமலும் போகலாம்.

அதனால் அடுத்த வீட்டுத் தாத்தாவுக்கு உதவிய லென்ஸ் நம் வீட்டுப் பாட்டிக்கும் உதவும் என்று சொல்ல முடியாது. 'எந்தப் பக்கம் நல்லாத் தெரியுது?' என்று அவர்களையே கேளுங்கள்.

வெளிச்சம், நிறம், தூரம்

எந்தப் பொழுதுபோக்காக இருந்தாலும் மாற்ற வேண்டியது பெரும்பாலும் இந்த மூன்றைத்தான்.

முதலில் வெளிச்சம். 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு, 20 வயதுக்காரருக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. கண்ணின் பாப்பா சுருங்குவதும், லென்ஸ் மஞ்சளாவதும் காரணம். அதற்காகக் கூரையில் இன்னொரு டியூப்லைட் மாட்ட வேண்டாம். ஒரு டேபிள் லேம்ப் போதும். நாலடி தூரத்தில் இருக்கும் சின்ன விளக்கை இரண்டடிக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் நான்கு மடங்காகும். விளக்கு கண்ணில் அடிக்காமல், தோளுக்குப் பின்னாலிருந்து செய்கிற வேலையின் மேல் விழ வேண்டும்.

அடுத்தது நிறம். வெள்ளைத் தட்டில் தயிர்சாதம், பழுப்புப் பலகையில் புளியங்கொட்டை, இளம் நிற டைல்ஸில் வெள்ளைக் கோலம். மூன்றும் நமக்குத் தெரியும், அவர்களுக்குக் கரைந்துபோகும். வெள்ளைப் பொருளுக்குக் கறுப்புப் பின்னணி, கறுப்புப் பொருளுக்கு வெள்ளைப் பின்னணி. இது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்.

மூன்றாவது தூரம். பாதித் தூரத்துக்கு வந்தால் பொருள் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். 'டி.வி-க்கிட்ட உட்காராதீங்க, கண்ணு கெட்டுடும்' என்று தாத்தாவை விரட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்வதால் கண் கெடாது. முன்னால் சொன்ன குழாய்ப் பார்வை உள்ளவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் முழுத் திரையும் அவர்கள் பார்வைக்குள் வரும்.

கோலமும் பூவும்

விடியற்காலை இருட்டில்தான் கோலம் போட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். நன்றாக விடிந்த பிறகு போடலாம். வாசலில் வெளிர் நிற டைல்ஸ் இருந்தால், ஒரு சதுரத்துக்கு மட்டும் செம்மண் காவி பூசிக் கொடுங்கள். அதன் மேல் வெள்ளை மாவு பளிச்சென்று தெரியும். குனிய முடியாதவர்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்த பலகையை மேஜை மேல் வைத்துக் கொடுக்கலாம். 15 புள்ளிக் கோலத்தை 7 புள்ளியாகக் குறைத்து, இடைவெளியை அகலமாக்கலாம். புள்ளியை நீங்கள் வைத்துக் கொடுத்து, இழையை அவர்கள் இழுக்கட்டும். பல வருடம் போட்ட கைக்குச் சிக்குக் கோலத்தின் வளைவு மறக்காது.

பூ தொடுப்பதும் அப்படித்தான். பழகியவர்கள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பூவைப் பார்க்காமல் தொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது விரல் வேலை. மல்லிகையைக் கருநீலத் துணியில் பரப்பி, ஓரம் உயர்ந்த தட்டில் வையுங்கள். காம்பு தெரியும், பூவும் உருண்டு ஓடாது.

தையலை விட மனமில்லாத அம்மாவுக்கு நாலைந்து ஊசிகளில் நூல் கோத்து வைத்துவிடுங்கள். நூல் கோக்கும் சின்னக் கருவி பேன்சி ஸ்டோரிலேயே கிடைக்கும். வெள்ளைத் துணிக்குக் கறுப்பு நூலில் பட்டன் தைத்தால் என்ன குறைந்துவிடும்?

பல்லாங்குழி, தாயம், சீட்டு

பரண் மேல் கிடக்கும் பல்லாங்குழியை இறக்குங்கள். பார்வை குறைந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு கிடைப்பது கஷ்டம். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். விரலை வைத்தாலே குழி தெரியும், காய் எத்தனை என்பதும் தெரியும். புளியங்கொட்டைக்குப் பதில் வெள்ளைச் சோழி போடுங்கள். எதிரே ஆடுபவர் 'மூணாவது குழியில இருந்து எடுக்கறேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பேரப்பிள்ளைகளுக்குக் கணக்கும் வரும்.

தாயக்கட்டையில் மூன்று பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், நான்காவது பக்கம் வெறுமை. பித்தளைக் கட்டைகளில் புள்ளிகளைப் பெரும்பாலும் குழித்தே வைத்திருப்பார்கள். விரல் நுனியில் தடவினால் தெரிந்துவிடும். கட்டையைத் துணி விரித்த தாம்பாளத்தில் உருட்டினால் ஓடிப்போகாது. கட்டத்தைத் தடித்த கறுப்பு மார்க்கரில் வெள்ளை சார்ட் பேப்பரில் வரையுங்கள். காய்கள் நிறத்தில் மட்டும் வேறுபட்டால் போதாது. ஒருவருக்குப் பட்டன், இன்னொருவருக்குச் சோழி என்று தொட்டாலே தெரிகிற மாதிரி இருக்கட்டும். ஆடு புலி ஆட்டத்துக்கும் இதேதான். மூன்று புலிக்குப் பெரிய காய், பதினைந்து ஆட்டுக்குச் சின்னக் காய்.

ரம்மி பிரியர்களுக்குப் பெரிய எண் அச்சிட்ட சீட்டுக்கட்டுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. 13 சீட்டையும் விரித்துப் பிடிப்பது சிரமமாக இருந்தால், துணி துவைக்கும் பிரஷ்ஷை முடி மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்து அதில் செருகிக்கொள்ளலாம். இடம் போதாவிட்டால் இரண்டு பிரஷ். 'ஹார்ட்டின் ஏழு போட்டேன்' என்று எல்லோரும் சொல்லிச் சொல்லிப் போட வேண்டும். அந்தச் சலுகை தாத்தாவுக்கு மட்டும் என்றால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். எல்லோருக்கும் அதுவே விதி என்றால் விளையாட்டு.

படிக்கிற ஆசை

செலவில்லாத ஒரு கருவி சொல்கிறேன். கறுப்பு அட்டையில் ஒரு வரி அளவுக்கு நீளமாக ஜன்னல் வெட்டுங்கள். அதைப் பேப்பர் மேல் வைத்தால் ஒரு வரி மட்டும் தெரியும். சுற்றியுள்ள வெள்ளைக் கூச்சம் மறையும், வரி தப்பாது.

பூதக்கண்ணாடி வாங்கும்போது, இருப்பதிலேயே பவர் அதிகமானதை எடுத்துவிடாதீர்கள். பவர் கூடக்கூட ஒரு நேரத்தில் தெரியும் எழுத்துகள் குறையும். டாக்டர் சொல்லும் பவரை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பேப்பரை அருகில் கொண்டுவந்தால் அதிக இடம் தெரியும்.

கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் இன்னும் நல்லது. செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' பகுதிக்குள் போய் எழுத்தைப் பெரிதாக்குங்கள். கண் கூசுகிறவர்களுக்குக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வருகிற மாதிரி மாற்றலாம். ஆண்ட்ராய்டில் 'செலக்ட் டு ஸ்பீக்' வசதியில் குரலைத் தமிழுக்கு மாற்றிவிட்டால், தொட்ட பத்தியைப் போனே படித்துக்காட்டும். யூடியூபில் மைக்கைத் தட்டித் தமிழிலேயே பேசித் தேடலாம். மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் 'பொன்னியின் செல்வன்' உட்பட ஏராளமான தமிழ் நூல்கள் இலவசமாக இருக்கின்றன. அவற்றையும் இப்படிக் காதால் படிக்கலாம். சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கென உள்ள பிரிவுக்கு ஒருமுறை அழைத்துப் போகலாம்.

போனை நீங்களே செட் செய்துவிட்டு ஓடிவிடாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு வசதி என்று பழக்குங்கள். ஐகான்களின் இடத்தை மாற்றவே மாற்றாதீர்கள்.

'நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்'

பார்வை குறைந்ததும் பெரியவர்கள் முதலில் விடுவது கல்யாணம், கோயில், பக்கத்து வீட்டுப் பேச்சு. கால் வலி என்று காரணம் சொல்வார்கள். உண்மையான பயம் வேறு: 'வணக்கம் சொன்னவர் யாருன்னே தெரியாம முழிக்கணுமே, திமிர்னு நினைச்சுப்பாங்களே.'

அந்தப் பயத்தைக் கூட்டுவது நாம் பாசமாக ஆடும் ஒரு விளையாட்டு. எதிரே போய் நின்று, 'நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்' என்பது. பத்துப் பேர் நடுவில் அது பரீட்சை. 'பெரியம்மா, நான் செல்வி, சின்ன அத்தை பொண்ணு' என்று பெயரைச் சொல்லிக்கொண்டே போங்கள். கிளம்பும்போதும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் காலி நாற்காலியிடம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கோயிலில் வெயில் அடிக்கும் பிராகாரத்திலிருந்து இருட்டான உள் மண்டபத்துக்குள் நுழையும்போது இரண்டு நிமிடம் நில்லுங்கள். வயதான கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும். நீங்கள் அவர் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால், படி ஏறுவதும் இறங்குவதும் உங்கள் உடம்பிலேயே அவருக்குத் தெரியும். வெளியே போகும்போது தொப்பி நல்லது. வீட்டுப் படிகளின் விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டிவிடுங்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: 'முன்னாடி தினமும் செஞ்சு, இப்ப நிறுத்திட்டது என்ன?' பதில் உடனே வராது. 'அதெல்லாம் எதுக்கு இப்ப' என்பார்கள். விடாமல் கேளுங்கள். பேப்பர், கோலம், ரம்மி என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். அந்த ஒன்றுக்கு மட்டும் வெளிச்சம், நிறம், தூரம் மூன்றையும் சரி செய்து கொடுங்கள்.

கோலம் கோணலாக வரலாம். பூச்சரம் இடைவெளி விட்டு இருக்கலாம். தாயத்தில் ஆட்டம் மெதுவாகப் போகலாம். அழித்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள், 'குடுங்க நான் முடிக்கறேன்' என்று வாங்காதீர்கள். அந்தச் சரத்தை அப்படியே தலையில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போங்கள். அடுத்த நாள் பூக்காரர் வருவதற்கு முன்பே வாசலில் உங்களுக்காக ஒருவர் காத்துக்கொண்டிருப்பார்.