இருபதடி வீட்டுக்கு எந்த மரம்?

தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானில் வீடு வாங்கிக் குடியேறும் நம்மவர்கள், தட்டுமுட்டுச் சாமான்களோடு தவறாமல் கொண்டுவருவது ஒன்று உண்டு. அது பழைய வீட்டுக் கறிவேப்பிலையின் பக்கக்கன்று. மண்ணோடு பெயர்த்து, சாக்கில் சுற்றி, லாரியின் மூலையில் வைத்துக் கொண்டு வருவார்கள். கூடவே ஒரு முருங்கைக் கொம்பு, ஒரு வேப்பங்கன்று, பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ரம்புத்தான் கன்று ஒன்று. எல்லாம் வாசலில் நடப்படும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கம் போனால் கறிவேப்பிலை மட்டும் நிற்கும். மற்றவை நின்ற இடத்தில் சிமெண்டு பூசியிருக்கும். கேட்டால், "வேர் கால்வாயை உடைத்துவிட்டது", "பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார்", "கிளை முறிந்து காரில் விழுந்தது" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

அப்படியானால் சிறிய வீட்டில் மரமே வைக்கக் கூடாதா என்று வாசகியர் சிலர் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் கையிலுள்ள கன்றைப் பார்த்து இடம் தேடலாகாது. அந்த மரம் இருபது வயதில் எப்படி இருக்கும் என்று பார்த்து இடம் தேட வேண்டும். நம் வீடுகளில் மரம் வெட்டுப்படுவதற்குப் பாதிக் காரணம், இதை நடுகிற அன்று யோசிக்காமல் போவதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண வரிசை வீட்டின் அகலம் 20 அடி. கார் நிற்க இடம் விட்டால் மண் தெரிகிற பகுதி பாய் விரிக்கும் அளவுதான் மிஞ்சும். வேம்போ 50 அடிக்கு மேல் உயரக்கூடிய மரம்; அகலமும் அதற்கேற்றபடி விரியும். லயத்துக் கோடியிலோ கோவில் திடலிலோ அது ராஜா போல நிற்கும். 20 அடி வாசலில் அதற்கும் துன்பம், நமக்கும் துன்பம். கொட்டை போட்டு முளைத்த மாமரமும் அப்படியே. ஒட்டுக்கட்டிய மாங்கன்று வாங்கி, ஆண்டுதோறும் காய்ப்பு முடிந்ததும் நுனி வெட்டி வந்தால் 12, 15 அடிக்குள் அடக்கி வைக்கலாம். மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கவும் தொடங்கும். ஆனால் பெர்லிஸில் பெயர் பெற்ற ஹரும் மானிஸ் ருசியில் மயங்கி, அந்தக் கன்றை ஜோகூரில் நட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்த இனம் நன்றாகப் பூக்கத் தெளிவான வறட்சிக் காலம் வேண்டும். ரம்புத்தானைக் கொட்டையில் வளர்த்தால் ஆண் மரமாகப் போய்விடவும் கூடும். பூப்பதோடு சரி, பழம் கிடையாது. அதிலும் ஒட்டுக்கன்றே உத்தமம்.

மரம் பெருத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தீபகற்ப மலேசியாவின் நகர, கிராமத் திட்டச் சட்டத்தில் 1995-இல் மரப் பாதுகாப்பு விதிகள் சேர்க்கப்பட்டன. சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட எழுத்து மூலமான அனுமதி வேண்டும். பட்டுப்போன மரம், உடனடி ஆபத்தாக நிற்கும் மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. எதற்கும் நகராண்மைக் கழகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கத்தியைத் தீட்டுங்கள்.

வேர் சுவரை இடிக்கிறது, கால்வாயை உடைக்கிறது என்ற பழி முழுதும் நியாயமன்று. வேருக்குக் கண் கிடையாது. ஈரம் இருக்கும் பக்கம் அது வளர்கிறது. ஏற்கெனவே விரிசல் கண்ட கால்வாய்க்குள் மயிர் போன்ற வேர் நுழைகிறது. உள்ளே போய்ப் பெருக்கிறது, விரிசல் பிளவாகிறது. ஆகவே மரக்கன்றைக் கால்வாய், மலக்குழி, தண்ணீர்க் குழாய் இவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சிறு மரத்துக்கு 8 முதல் 10 அடி, புதர்ச் செடிக்கு 3 அடி இடைவெளி என்பது என் கணக்கு. அவ்வளவு இடம் இல்லையென்றால் மரத்தை விட்டுச் செடிக்கு வாருங்கள். கூரைத் தண்ணீர்த் தகரத்திலும் சுவர் வெடிப்பிலும் பறவை எச்சத்தால் முளைக்கிற அரசங்கன்றை, "சாமி மரம் ஆயிற்றே" என்று விட்டுவைப்பதும் ஆகாது. இரண்டு இலையில் பெயர்த்தெடுத்துக் கோவிலுக்குக் கொடுத்துவிடுங்கள். அது இரண்டு இஞ்சு தடித்த பிறகு சுவரோடுதான் வரும்.

இனி நடும் முறை. ஆழமான குழி வெட்டி, அடியில் சாணமும் குப்பையும் நிரப்பி, மேலே கன்றை வைப்பது பலருடைய பழக்கம். தாமான் மண்ணுக்கு இது ஒத்துவராது. நம் தோட்டத்துக் காய்கறிக் கொல்லைகளில் இருந்தது பல ஆண்டுச் சாணமும் சருகும் கலந்த மண். தாமானிலோ புல்டோசர் மேல் மண்ணை வழித்தெடுத்துவிட்ட களிமண், அதில் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் கலந்திருக்கும், எல்லாம் இறுகிப்போயிருக்கும். அங்கே ஆழக்குழி வெட்டினால் அது அண்டா போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடியில் போட்ட குப்பை மக்க மக்கக் கன்றும் கீழே இறங்கி, கழுத்து வரை புதைந்து அழுகும்.

முதலில் சோதியுங்கள். ஒன்றரை அடி குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், குழியே வேண்டாம். ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி அதில் நடுங்கள். முருங்கைக்கு மேடு மிக அவசியம். கொம்பு அழுகிப் போவதெல்லாம் தேங்கும் தண்ணீரால்தான். தண்ணீர் வடிகிற மண் என்றால், குழியின் ஆழம் கன்றின் வேர்க்கட்டியின் உயரமே போதும். அகலம் மட்டும் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். வேர் பக்கவாட்டில் ஓடுவது. உணவு தேடும் வேர்களில் பெரும்பகுதி மேலே உள்ள இரண்டடி மண்ணுக்குள்ளேதான் இருக்கும். பிளாஸ்டிக் பையைக் கிழித்து முழுவதும் எடுத்துவிடுங்கள். பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேர் இருந்தால் விரலால் பிரித்து விடுங்கள்; பிரிக்க வராததை வெட்டிவிடுங்கள். இல்லையேல் அந்த வேரே பெருத்துப் பிற்காலத்தில் மரத்தின் கழுத்தை நெரிக்கும். தோண்டிய மண்ணையே கல் பொறுக்கிவிட்டுத் திரும்பப் போட்டால் போதும். சாணமும் மக்கிய குப்பையும் மேலே போடுவதற்கு உரியவை. காய்ந்த இலை, வெட்டிய புல் இவற்றை மூன்று இஞ்சு கனத்துக்கு மூடாக்காகப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் ஒரு சாண் விட்டுவிடுங்கள். மூடாக்கைத் தண்டின்மேல் குவித்தால் பட்டை ஈரத்தில் அழுகும்.

மேற்குக் கரையில் உள்ளவர்களுக்கு மழை கூடும் ஏப்ரலும் அக்டோபரும் நல்ல மாதங்கள். கிழக்குக் கரையில் நவம்பர், டிசம்பர் வெள்ளம் கழியட்டும். மழையை நம்பி இருந்துவிடாமல், முதல் மூன்று மாதம், மழை இல்லாத நாளெல்லாம் மாலையில் ஒரு வாளி ஊற்றுங்கள்.

அடுத்தது பட்டை. பால் வெட்டியவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் கத்தி உள்ளே இறங்கிவிட்டால் பட்டை மறுபடி சீராக வளராது, முண்டும் முடிச்சுமாகப் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். மரத்தை முழுச்சுற்று வெட்டாமல் அரைச்சுற்றோடு நிறுத்துவதும் அவர்கள் பழகியதுதான். இலை சமைக்கிற உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாக. அந்த வழியைச் சுற்றிலும் அறுத்தால் வேர் பட்டினி கிடந்து மரம் சாகும். இதே மனிதர்கள்தாம் வீட்டு மரத்தில் துணிக்கொடிக் கம்பியை இறுக்கிக் கட்டுகிறார்கள்! இரண்டு ஆண்டில் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். புல் வெட்டும் மெஷினின் நைலான் கயிறும் அப்படித்தான். மாதாமாதம் அடித்தண்டில் பட்டுப் பட்டு, ஒருநாள் சுற்றிலும் பட்டை இல்லாமற் போகும். தண்டைச் சுற்றி இரண்டடிக்குப் புல்லைக் கையால் பிடுங்கிவிட்டால் மெஷின்காரருக்கு அங்கே வேலை இராது. கன்றுக்கு ஊன்றிய முட்டுக் கழியையும் கயிற்றையும் ஓராண்டில் அவிழ்த்துவிடுங்கள். காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

செடிகளில் செம்பருத்தியை மிஞ்ச எதுவுமில்லை. 1960-இல் இந்நாட்டின் தேசிய மலரானது. பென்சில் தடிப்பில் ஒரு சாண் குச்சி ஊன்றினாலும் வேர் விடும். புதுத் துளிரில்தான் பூக்கும் என்பதால் அடிக்கடி கவாத்து செய்யுங்கள். வெட்சிக்குச் சிமெண்டுச் சுவரின் ஓரம் ஆகாது. சுண்ணாம்பு மண்ணில் இறங்கி இலை மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அரளியைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: பூசைக்கு எவ்வளவு வேண்டியதானாலும், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம். செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டும் இலை முதல் வேர் வரை நஞ்சு. சிங்கப்பூர் அடுக்குமாடி வாசகர்கள் தொட்டியில் வைக்கும்போது, நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற விதியையும், தொட்டியடித் தட்டில் தேங்கும் நீரில் ஒரு வாரத்தில் டெங்கிக் கொசு உருவாகிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கிறது, பிறகு இலையெல்லாம் காணோம் என்று எழுதியிருந்த வாசகிக்கு: அது எச்சமன்று, வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்தால் பச்சையாகும், தொட்டால் தலையில் சிறு கொம்பு நீட்டி நாற்றம் விடும். மருந்து அடிக்காதீர்கள், குழம்பில் போடுகிற இலை அது. கையால் எடுத்துவிடுங்கள், பெரிய செடியானால் ஓரிரண்டு புழுவைத் தின்ன விட்டாலும் குறைவில்லை.

எலுமிச்சை விஷயம் வேறு. இலை ஒருபுறம் மஞ்சள், மறுபுறம் பச்சை எனத் திட்டுத் திட்டாக மாறி, காய் கோணலாகச் சிறுத்து, கிளை நுனியிலிருந்து காய்ந்து வந்தால் அது உரக்குறையாக இராது. துளிரில் சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி பரப்பும் நோய் அது. மரத்தில் ஏறிய பின் மருந்து கிடையாது. அந்தப் பூச்சி கறிவேப்பிலையிலும், வேலிக்கு வைக்கிற கெமுனிங் செடியிலும் தங்கிப் பெருகும். எனவே இவற்றுக்குப் பக்கத்தில் எலுமிச்சை வைக்காதீர்கள். நோய் கண்ட மரத்தை வேரோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நந்தியாவட்டை வையுங்கள். அரை நிழலிலும் அது பூக்கும்.