பாசிட்டிவ் வந்தவளை யாரும் ஏன் என்று கேட்காதீர்கள்

ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. வினிகர் டெஸ்ட் என்போம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. எங்கள் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையை மையமாக வைத்து நடந்த ஆய்வுதான், செவிலியர் செய்யும் இந்தச் சோதனையால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் உலகத்துக்குக் காட்டியது. ஆனாலும் இனி முதல் சோதனையாக ஹெச்பிவி பரிசோதனைதான் இருக்க வேண்டும் என்கிறேன்.

வினிகர் டெஸ்ட் பார்ப்பவளின் கண்ணை நம்பியது. ஒரு செவிலியருக்குத் திட்டாகத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ, பார்க்க வேண்டிய இடமே உள்ளே ஏறிப் போயிருக்கும். ஹெச்பிவி பரிசோதனை திட்டு வரும் வரை காத்திருப்பதில்லை. திட்டுக்குக் காரணமான ஹெச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்த வைரஸ் உடம்பிலேயே தங்கிவிட்டால்கூட, புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்களில் 1.31 லட்சம் பெண்களைச் சேர்த்து நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. ஒரேயொரு முறை ஹெச்பிவி பரிசோதனை தரப்பட்ட பிரிவில் எட்டு ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் 34 பேர். பரிசோதனையே தரப்படாத பிரிவில் 64 பேர். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. வினிகர் டெஸ்ட்டிலோ, செல்களை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பேப் டெஸ்ட்டிலோ ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டவர்களுக்குப் பிறகு புற்றுநோய் வந்த விகிதம், ஹெச்பிவியில் ஒன்றுமில்லை என்று வந்தவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் பெண்ணிடம், "அஞ்சு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம், போம்மா" என்று தைரியமாகச் சொல்ல இந்தச் சோதனைதான் இடம் கொடுக்கிறது. முப்பது வயதிலிருந்து ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதிரியை அவளே மறைவாகப் போய் எடுத்துத் தரலாம். மேசையில் காலை அகட்டிப் படுக்கக் கூசியே வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது எங்களுக்குத் தெரியும்.

சிக்கல் முடிவு வந்த பிறகுதான். பாசிட்டிவ் என்றதும் பெண் புற்றுநோய் என்று அழுவாள், புருஷனோ மாமியாரோ "எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார்கள். உடலுறவு வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது ஒட்டும் வைரஸ் இது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். சிலருக்குச் சத்தமில்லாமல் பல வருடம் கிடக்கும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. கணவன் கொடுத்ததாகவும் இருக்கலாம், அதை யாரும் கேட்பதில்லை. ஆகவே முடிவை அந்தப் பெண்ணிடம் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல வேண்டும். வராந்தாவில் பெயரைக் கூப்பிட்டுச் சொல்வதும், வீட்டில் உள்ள ஒரே போனுக்கு மெசேஜ் அனுப்புவதும் கூடவே கூடாது.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. தனியார் செக்கப் பேக்கேஜில் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கும் இதைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த வயதில் வைரஸ் வருவதும் போவதும் சகஜம். பாசிட்டிவ் காகிதம் கலியாணப் பேச்சைக் கெடுப்பதுதான் மிச்சம். சிறுமிகளுக்குத் தடுப்பூசி, முப்பது தாண்டியவர்களுக்குப் பரிசோதனை என்பதே முறை.

தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்த நோய்க்குச் சோதனை செய்துகொண்டவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை என்றது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. நாடு முழுதும் இரண்டு சதவீதம்கூட இல்லை. காசநோய்க்காக வாங்கிய ட்ரூநாட் கருவிகள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. அதே கருவியில் போட ஹெச்பிவி சிப்பும் உள்நாட்டிலேயே தயாராகிறது. அதை வாங்கிக் கொடுங்கள். ஆனால் பாசிட்டிவ் வந்தவளை மதுரைக்குச் சீட்டு எழுதி அனுப்புவதென்றால் திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம். திட்டைச் சூட்டால் அழிக்கும் கையடக்கமான தெர்மல் அப்லேஷன் கருவி பேட்டரியில் ஓடும். தேவைப்படுபவர்களுக்குச் சில நிமிட வேலை. யாருக்குத் தேவை என்று பார்க்க எங்கள் வினிகரே உதவும். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் அந்தக் கருவி ஒன்றும், அதைப் பழகிய கை ஒன்றும், வாரத்தில் அதற்கென ஒரு நாளும் வேண்டும். முதல் மாதிரியை வாங்குவதற்கு முன்பே இவை மூன்றும் அங்கே இருக்க வேண்டும்.