ஒரு புள்ளி

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைத் தினந்தோறும் ரயிலில் கடக்கிறோம். அந்தப் பெயர் வந்த கதையை நினைப்பவர் சிலரே. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே க்ஷயரோக ஆரோக்கிய நிலையத்தைத் தொடங்கியபோது, அந்நோயைக் குணப்படுத்தும் மருந்தே உலகில் கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943-ல்தான். அதுவரை நல்ல காற்று, நல்ல ஆகாரம், ஓய்வு, அருகிருந்து கவனிக்கும் கை ஆகியவையே பிரதான சிகிச்சை.

இன்று மருந்துகள் பெருகிவிட்டன. அந்தக் கையின் பொறுப்பும் பெருகிவிட்டது.

பரீட்சை தேறி, நர்ஸிங் வகுப்புத் தொடங்கக் காத்திருக்கும் பெண்கள் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் இருக்கிறார்கள். தாயார் உடுப்புத் தைக்கக் கொடுக்கிறாள். தகப்பனார் தடித்த புத்தகம் தேடி அலைகிறார். சகோதரிகளே, இரண்டும் காத்திருக்கட்டும். முதலில் பழைய கணக்கு நோட்டை எடுங்கள்.

குழந்தைக்கு 125 மில்லிகிராம் கொடுக்கும்படி டாக்டர் எழுதுகிறார். புட்டியிலோ 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அளக்க வேண்டியது 2.5 மில்லிலிட்டர். புள்ளி மறந்தால் 25. அதாவது பத்து மடங்கு! பரீட்சையில் இதற்கு ஒரு மார்க் போகும். வார்டில் போவது மார்க் அல்ல.

அடுத்தபடியாக, வீட்டுப் பாட்டியின் நாடியை தினமும் ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். எண்ணியதை மட்டும் குறித்து வையுங்கள். 'இவ்வளவு இருக்கலாம்' என்று தோன்றியதை எழுதாதீர்கள்.

உடுப்பைத் தையற்காரர் தைத்துத் தந்துவிடுவார். இந்தப் பழக்கத்தை நீங்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.