பந்து யார் கையில், பேனா யார் கையில்?

'விளையாட்டுல எதுக்குய்யா அரசியல்?' என்று என்னிடம் கேட்காத நண்பர் குறைவு. கேட்பவர்களில் யாருமே மைதானத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் இல்லை என்பதையும் கவனித்து வருகிறேன். அவர்களுக்கு அலி பாக்கரின் கதையைச் சொல்வது என் வழக்கம்.

பாக்கர் தென்னாப்பிரிக்க வெள்ளையர், படிப்பால் டாக்டர். 1970இல் ஆஸ்திரேலியாவை நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்த அணியின் கேப்டன். அந்த அணியில் ஒரு கறுப்பர்கூடக் கிடையாது. கறுப்பர்கள் கிரிக்கெட் ஆடவில்லையா? ஆடினார்கள். அவர்களுக்குத் தனி மைதானம், தனிச் சங்கம். நிறவெறி ஆட்சி வைத்த ஒழுங்கு அது. உலகம் அந்த நாட்டோடு ஆடுவதை நிறுத்தியது. பாக்கரின் டெஸ்ட் கணக்கு 12 ஆட்டத்தோடு முடிந்தது.

பிறகு நிர்வாகி ஆனார். 1982 முதல் தடையை உடைக்கக் காசை வாரி இறைத்து இங்கிலாந்து, இலங்கை, மேற்கிந்தியத் தீவுகள், ஆஸ்திரேலியா என்று ஆட்களைக் கூட்டி வந்தார்கள். காசு கம்பெனிகளுடையது, வரிச்சலுகை அரசினுடையது. அந்த ஏற்பாடுகளில் முன்னால் நின்றவர் பாக்கர். அதே பாக்கர்தான் 1986இல் கறுப்பர் குடியிருப்புகளில் சிறுவர்களுக்குப் பயிற்சியும் தொடங்கினார்.

1990 ஜனவரியில் மைக் கேட்டிங்கின் அணி வந்து இறங்கியது. ஓட்டல் தொழிலாளர்கள் அவர்களுக்குச் சாப்பாடு பரிமாற மறுத்தார்கள். போன ஊரெல்லாம் ஊர்வலம். பிப்ரவரி 11இல் மண்டேலா விடுதலை. பயணத்தைப் பாதியில் சுருட்டினார்கள். கறுப்பு மக்களின் கோபம் இவ்வளவு ஆழம் என்று தெரியாமல் இருந்துவிட்டதைப் பாக்கரே பின்னால் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதற்காக மதிக்கிறேன். ஆனால் அதுவரை அந்த மக்கள் வாய்மூடியா கிடந்தார்கள்? நாடே சமமாக இல்லாதபோது ஆட்டத்தில் மட்டும் சமத்துவ வேஷம் வேண்டாம் என்று ஹசன் ஹோவா போன்றவர்கள் எத்தனை வருஷம் கத்தினார்கள்!

1991இல் இரண்டு சங்கங்களும் ஒன்றாயின. நிர்வாக இயக்குநர் யார்? பாக்கர். 2000 வரை அவரே. 2003 உலகக் கோப்பையை நடத்தும் பொறுப்பும் அவருக்கே. போராடிய தரப்பின் கிருஷ் மக்கர்தூஜ் இடையில் தலைவரானார், மறுக்கவில்லை. அன்றாடம் கையெழுத்துப் போட்ட பேனா மட்டும் கை மாறவில்லை.

அந்தப் பயிற்சித் திட்டம் கண்டெடுத்தவர்தான் மகாயா நிடினி, மாடு மேய்த்த பையன். 1998இல் அந்நாட்டு டெஸ்ட் அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பு ஆப்பிரிக்கர். 390 விக்கெட். 2020இல்தான் அவர் மனம் திறந்தார்: அணியின் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆளில்லை. அதனால் பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஓட்டலிலிருந்து மைதானத்துக்கு ஓடியே போவாராம். திரும்பும்போதும் ஓட்டம்தான்.

பந்தைக் கொடுத்தாங்க, பக்கத்து சீட்டைக் கொடுக்கல. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தனி சீட்டு புதுசா என்ன?

மனசு மாறி வர்றவங்கள வேணாம்னு நான் சொல்லல தோழர்களே, வரட்டும். வரும்போது நாற்காலியையும் பகிர்ந்துக்கிட்டு வரட்டும். நம்ம பிள்ளைக்கு ஒரு பந்தும் சட்டையும் கொடுத்துவிட்டுக் கைதட்டச் சொல்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அணியைத் தேர்ந்தெடுக்கிற பேனா யார் கையில?