கோடி ரூபாய் இலக்கு இருக்கட்டும், இந்த செமஸ்டரில் கையில் எத்தனை மணி நேரம் இருக்கு?

கல்லூரி ஆடிட்டோரியத்தில் நடக்கும் மோட்டிவேஷன் பேச்சுகளில் ஒரு கதை அடிக்கடி வரும். 1953-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தவர்களில் 3 சதவீதம் பேர் மட்டும் தங்கள் இலக்கை எழுதி வைத்திருந்தார்களாம். 20 வருஷம் கழித்துப் பார்த்தால், அவர்களுடைய சொத்து மீதி 97 சதவீதம் பேரின் மொத்தச் சொத்தைவிட அதிகமாம். கைதட்டல் முடிந்ததும், ‘25 வயசுக்குள்ள சொந்த கம்பெனி, 30-க்குள்ள கோடி’ என்று மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. ‘ஃபாஸ்ட் கம்பெனி’ என்ற அமெரிக்கப் பத்திரிகை 1996-ல் இதை விசாரித்தது. கதையைச் சொல்லி வந்த பேச்சாளர்களிடமும் ஆதாரம் இல்லை, யேல் பல்கலைக்கழகத்திடமும் இல்லை. ஆனாலும் கதை மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நிஜமாக நடந்த ஆய்வு ஒன்று உண்டு. மேடையில் அதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அதற்குக் கைதட்டல் கிடைக்காது. 1994-ல் வெளியான அந்த ஆய்வில், ரோஜர் பியூலர் குழுவினர் கடைசி ஆண்டு உளவியல் மாணவர்களிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. ‘எல்லாமே சொதப்பினால்?’ என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். கடைசியில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதாவது, மோசமாகப் போனால் இவ்வளவுதான் ஆகும் என்று அவர்களே போட்ட கணக்கையும் நிஜம் தாண்டிவிட்டது. ஆய்வேடு என்பது வழிகாட்ட ஆள் இருக்கிற, பலமுறை பலரும் செய்து முடித்த வேலை. முதன்முறையாகத் தொழில் தொடங்குகிற 20 வயது மாணவருக்கு அந்தச் சௌகரியம்கூடக் கிடையாது.

இலக்கே வேண்டாம் என்பதல்ல இதன் அர்த்தம். தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு வேலையின் தரத்தை உயர்த்தும் என்பதை எட்வின் லாக், கேரி லேதம் போன்றவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் செய்யத் தெரிந்த வேலைக்குத்தான் அது நன்றாகப் பொருந்தும். வழியே தெரியாத வேலையில் ‘இவ்வளவு சம்பாதிப்பேன்’ என்பதைவிட ‘இதைக் கற்றுக்கொள்வேன்’ என்ற இலக்குதான் உதவும்.

24 நாள் கணக்கு

மாணவரின் காலண்டர் அவர் கையில் இல்லை. இன்டர்னல்ஸ் தேதியைக் கல்லூரியும், செமஸ்டர் தேர்வுத் தேதியைப் பல்கலைக்கழகமும், பிளேஸ்மென்ட் தேதியை கம்பெனிகளும் முடிவு செய்கின்றன. எனவே திட்டம் என்பது கழித்தல் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கல்லூரிப் பேருந்தில் போய் வருகிற ஒரு மாணவருக்கு வார நாளில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம். ஆக, வாரத்துக்கு 16. தேர்வு, இன்டர்னல்ஸ், ஊர்த் திருவிழா, உறவினர் கல்யாணம் எல்லாம் போக ஒரு செமஸ்டரில் 12 வாரம் உருப்படியாகக் கிடைத்தால் 192 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலைநாளாகக் கொண்டால் வெறும் 24 நாள்! மாலை ஆறரைக்கே கேட்டைப் பூட்டுகிற பெண்கள் விடுதியில் இருப்பவருக்கு, வெளியே போய் ஆட்களைப் பார்க்கும் நேரம் இதிலும் பாதிதான். இந்த விஷயம் எந்த ‘கோல் செட்டிங்’ பயிலரங்கிலும் பேசப்படுவதில்லை.

கணக்கு கைக்கு வந்தால் முடிவுகள் மாறும். கேன்டீன் கூட்டத்தைக் குறைக்க முன்கூட்டியே ஆர்டர் செய்யும் ஆப் ஒன்றை உருவாக்க ஒருவர் நினைக்கிறார் என்றால், ஆப் எழுதுவதிலேயே அந்த 24 நாளும் கரைந்துவிடும். அதற்குப் பதில் ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு யுபிஐ க்யூஆர், இரண்டு வாரம். முன்பணம் கட்டி ஆர்டர் செய்ய 30 பேர் வருகிறார்களா, கேன்டீன்காரர் ஒத்துழைக்கிறாரா என்பது நான்கு நாள் உழைப்பில் தெரிந்துவிடும்.

இதிலும் ‘கேன்டீன்காரரிடம் பேச வேண்டும்’ என்று எழுதி வைத்தால் நடக்காது. ‘செவ்வாய்க்கிழமை லேப் முடிஞ்சதும் நாலு மணிக்கு நேரா கேன்டீனுக்குப் போறேன்’ என்று எழுதினால் நடக்க வாய்ப்பு அதிகம். எப்போது, எங்கே, எது முடிந்ததும் என்று முன்பே கட்டிவைப்பதன் பலனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

கம்பெனி பதிவு செய்தால் இலக்கு முடிந்ததா?

நிறைய மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவாகி சான்றிதழ் வந்ததும் லிங்க்ட்இன்னில் ‘ஃபவுண்டர்’ என்று போட்டுவிடலாம். ஆனால் அந்த கம்பெனி ஒரு ரூபாய்கூட சம்பாதிக்காவிட்டாலும் ஆடிட்டர் வைக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு, ஆண்டு அறிக்கை என இரண்டு படிவங்களை கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டையும் 180 நாள் மறந்துவிட்டால் 36,000 ரூபாய். அரியர் பேப்பருக்கே பணம் கேட்கத் தயங்குகிற மாணவர் இதை வீட்டில் எப்படிச் சொல்வார்?

பதிவு எப்போது தேவை என்பதற்கும் விடை காலண்டரில்தான் இருக்கிறது. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு ‘டான்சீட்’ திட்டத்தில் தரும் ஆதார நிதிக்கு விண்ணப்பிக்கப் பதிவு வேண்டும். ‘நீட்ஸ்’ திட்டத்தில் மானியத்துடன் வங்கிக் கடன் கிடைக்கும். ஆனால் 21 வயது முடிந்திருக்க வேண்டும். பொதுப் பிரிவினர் திட்ட மதிப்பில் 10 சதவீதத்தைக் கையிலிருந்து போட வேண்டும். 10 லட்சம் ரூபாய் திட்டம் என்றால் ஒரு லட்சம். பிளஸ் டூ முடித்து நேராகப் பட்டப்படிப்புக்கு வந்த இரண்டாம் ஆண்டு மாணவருக்கு இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. அவர் அந்த ஒரு லட்சத்தைச் சேர்ப்பதைத் திட்டமாக்கலாம்.

கல்விக் கடன் இன்னொரு தேதி. பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 2027 மே மாதம் படிப்பை முடிப்பவருக்கு 2028 மே மாதம் வாக்கில் தவணை வாசலில் நிற்கும். எவ்வளவு லாபம் வரும் என்பதைவிட எவ்வளவு வரை இழக்கலாம் என்று முதலில் கணக்குப் போடுவது, அனுபவமுள்ள தொழில்முனைவோரின் வழக்கம் என்று மேலாண்மைப் பேராசிரியர் சாரஸ் சரஸ்வதி 2001-ல் எழுதினார். மாணவர் மொழியில்: இத்தனை ரூபாய், இந்தத் தேதி, அதுவரை பலன் இல்லையென்றால் வேலைக்குப் போகிறேன். ‘இதெல்லாம் நமக்கு எதுக்குடா’ என்று கேட்கிற அப்பாவிடம் பேசும்போது, கோடி ரூபாய்க் கனவைவிட நிறுத்தும் தேதி எழுதிய இந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

வேலைக்குப் போவது தோல்வியும் அல்ல. ஏதர் எனர்ஜியைத் தொடங்கிய தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் சென்னை ஐஐடியில் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், பிறகுதான் அதை விட்டார்கள். 2013-ல் தொடங்கியபோது அவர்கள் நினைத்தது பேட்டரி தயாரிக்க. ஸ்கூட்டர் என்பது பிறகு மாறிய இலக்கு. அது வாடிக்கையாளர் கைக்குப் போனது 2018-ல், நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது 2025-ல். முதலில் நினைத்ததையே பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் இந்த ஸ்கூட்டரே இல்லை.

படிக்கும்போதே செய்ய விரும்புபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2019-ல் வந்த தேசியக் கண்டுபிடிப்பு மற்றும் ஸ்டார்ட்அப் கொள்கை, மாணவர்கள் மினி புராஜெக்ட், இறுதி புராஜெக்டுக்குப் பதிலாகத் தங்கள் ஸ்டார்ட்அப்பையே காட்டலாம் என்றும், செமஸ்டர் அல்லது ஆண்டு விடுப்பு எடுத்துத் திரும்பிவர அனுமதிக்கலாம் என்றும் கல்லூரிகளுக்குச் சொல்கிறது. இது பரிந்துரைதான், கல்லூரி தானாகக் கூப்பிட்டுக் கொடுக்காது. கிடைத்தால், அந்த 24 நாளுடன் புராஜெக்டுக்கான மணி நேரமும் முழுதாகச் சேரும். அதற்கு, புராஜெக்ட் தலைப்பைக் கொடுக்கும் கடைசித் தேதிக்கு முன்பே ஹெச்ஓடி அறைக் கதவைத் தட்ட வேண்டும்.