மூன்று கோடுகளுக்கு நடுவே

சொந்தமாக ஒரு வலைத்தளம் வைத்துக்கொள்ளும் ஆசை நம் சகோதரிகளையும் விட்டுவைக்கவில்லை. சமையல் குறிப்பு, கோலம், யாத்திரை அனுபவம் என்று எழுதுவதற்கா பஞ்சம்? இதற்கென்றே ஹ்யூகோ என்று ஒரு கருவி இருக்கிறது. ஸ்டீவ் பிரான்சியா என்பவர் 2013-ல் வெளியிட்டது, காசு கிடையாது. இந்த ஜாதிக் கருவிக்கு 'ஸ்டாட்டிக் ஸைட் ஜெனரேட்டர்' என்று வாய் கொள்ளாத பெயர். பயந்துவிடாதீர்கள். விருந்தாளி வந்த பிறகு அடுப்பு மூட்டித் தோசை வார்ப்பது ஒரு ரகம். முன்கூட்டியே முறுக்குச் சுற்றி டப்பாவில் போட்டு வைப்பது இன்னொரு ரகம். இது முறுக்கு ரகம். நீங்கள் எழுதியதை எல்லாம் ஒரே ஈட்டில் பக்கங்களாகச் செய்து அடுக்கிவிடும். வருகிறவர்களுக்கு எடுத்து நீட்டுவதுதான் பாக்கி.

டப்பா என்றால் மேலே சீட்டு ஒட்ட வேண்டாமா? அந்தச் சீட்டுக்குத்தான் 'ஃப்ரண்ட் மேட்டர்' என்று பெயர். 2008-ல் வந்த ஜெக்கில் என்ற கருவி பிரபலமாக்கிய வழக்கம் இது. கட்டுரைக்கு மேலே மூன்று சிறு கோடுகள், சில வரிகள், மறுபடியும் மூன்று கோடுகள். ஒவ்வொரு வரியிலும் டைட்டில், டேட், டிஸ்கிரிப்ஷன் என்று ஆங்கிலத்தில் ஒரு சொல், ஒரு முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு நம் விஷயம். (கோட்டுக்குப் பதில் கூட்டல் குறி தென்பட்டால் அது வேறு பாஷை, அங்கே முக்காற்புள்ளிக்குப் பதில் சமக்குறி.)

இந்த வரிகளை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? தேதி போட மறந்து பாருங்கள். பல தளங்களில் உங்கள் வத்தக்குழம்பு கி.பி. 1-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி எழுதப்பட்டதாகக் காட்சி தரும். மிளகாயே போர்த்துகீசியர்களோடுதான் நம் தேசத்துக்கு வந்தது. இந்தக் குழம்பில் வற்றல் மிளகாய் தாளித்தது யாரோ!

என் சிநேகிதி ஒருத்திக்கு நேர்ந்தது சிரிக்கும்படியாக இல்லை. காலமான மாமியாரின் சமையல் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பிரதி செய்தாள். மாமியாரின் வருஷாப்திகத்தன்று காலை எட்டு மணிக்கு உறவினர்கள் பார்க்க வேண்டும் என்று ஆசை. தேதியோடு எட்டு மணி என்றும் குறித்து, எட்டு ஐந்துக்குத் தளத்தைத் தயார் செய்தாள். பக்கத்தைக் காணோம்! தவறு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே, அதுவும் இல்லை. ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் "என்னம்மா, ஒன்றும் வரவில்லையே?" என்று கேட்கக் கேட்க, இவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

காரணம் இதுதான். எந்த ஊர் மணி என்று சொல்லாவிட்டால், ஹ்யூகோ அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். அங்கே எட்டு என்றால் நமக்குப் பிற்பகல் 1.30. இன்னும் வராத நேரத்துப் பக்கத்தை அது வெளியிடாது. 1.30 ஆனாலும் தானாக வந்துவிடாது. மறுபடி ஒரு தடவை தயார் செய்ய வேண்டும். மணிக்குப் பின்னால் +05:30 என்று சேர்த்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அதே போலத்தான் 'டிராஃப்ட்' வரியும். புதுப் பக்கம் தொடங்கினால் அதில் 'ட்ரூ' என்று தானாகவே எழுதியிருக்கும். 'ஃபால்ஸ்' என்று மாற்றும் வரை பக்கம் உள்ளேயேதான்.

தலைப்பில் "வத்தக்குழம்பு: அம்மாவின் கைமணம்" என்று எழுத ஆசையா? எழுதுங்கள், ஆனால் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் அடையுங்கள். இல்லையேல் அந்த இரண்டாவது முக்காற்புள்ளியில் குழம்பிப்போய் வேலையை நிறுத்திவிடும்.

டிஸ்கிரிப்ஷன் வரியைத்தான் பலரும் காலியாக விடுகிறார்கள். கூகிளில் தேடுகிறவர்களுக்குத் தலைப்பின் கீழே பல சமயம் தெரிவது அதுதான். தளத்தின் அமைப்பு இடம் கொடுத்தால், வாட்ஸப்பில் அனுப்பும்போது தெரிவதும் அதுவே. "சுவையான, ஆரோக்கியமான" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். கசப்பான குழம்புக்கு யார் குறிப்பு எழுதுகிறார்கள்? "பழைய புளி, நல்லெண்ணெய், சுண்டைக்காய் வற்றல், இரண்டு நாள் வைத்துச் சாப்பிடலாம்" என்றால் தேடுகிறவளுக்கு உபயோகம். 'ஆதர்' என்ற வரியும் உண்டு. என் சிநேகிதி அதில் தன் பெயரைப் போடவில்லை, மாமியார் பெயரைத்தான் போட்டாள். மிகவும் சரி.

டேக்ஸ் வரியில் ஒரு நாள் 'குழம்பு', மறு நாள் 'குழம்புகள்' என்று எழுதினால் இரண்டு தனித்தனி அலமாரிகள் முளைத்துவிடும்.

கடைசியாக 'ஸ்லக்', அதாவது பக்கத்தின் விலாசம். தமிழிலேயே விட்டால், பிரதி எடுத்து அனுப்பும்போது பெரும்பாலும் ஒவ்வோர் எழுத்தும் சதவிகிதக் குறியும் எண்களுமாக உருமாறி, ஒரு முழ நீளத்துக்குப் போகும். ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துக்கொள்வது சௌகரியம். பின்னால் விலாசத்தை மாற்றினால், பழையதை 'அலியாஸஸ்' என்ற வரியில் குறித்துவிடுங்கள். பழைய விலாசத்துக்கு வருகிறவர்களை ஹ்யூகோவே புதிய பக்கத்துக்கு அனுப்பிவிடும்.