பொன்னாடை வேண்டாம், புத்தகத்தை வாங்குங்கள்

நமதூரில் ஒருவர் கதை எழுதுகிறார் என்று தெரிந்தால் முதலில் வரும் கேள்வி, "அதுல என்ன சேர் கிடைக்கும்?" என்பதுதான். பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஒன்றும் கிடைக்காது. கையில் இருப்பதும் போகும்.

கதை எழுதும் நாங்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், லிகிதர்கள், வீட்டுப் பெண்கள். பாடக்குறிப்பும் தவணைப் பரீட்சைத் தாள்களும் முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பிறகுதான் எழுத உட்காருகிறோம். பெண்களுக்கு அந்த நேரமும் கிடைப்பதில்லை. பத்திரிகையின் வாரப் பதிப்பு கதையைப் போடும், காசு தராது. பத்துப் பன்னிரண்டு கதைகள் சேர்ந்ததும் தொகுதி போட ஆசை வரும். 300 பிரதி அடிக்க அச்சகத்துக்கு முற்பணம் கட்ட வேண்டும். மனைவியின் காப்பு அடகுக்குப் போகும்.

பிறகு வெளியீட்டு விழா. கிராஅத், வரவேற்புரை, நயவுரை, ஏற்புரை. புத்தகத்தைத் திறந்தே பார்க்காத பிரதம அதிதி அரை மணி நேரம் பேசுவார். முதற்பிரதி ஒரு ஹாஜியாருக்கு. எழுதியவருக்குப் பொன்னாடை. மறுநாள் சந்தியில் பிடித்து, "எனக்கொரு புத்தகம் சும்மா தரல்லயே சேர்!" என்பார்கள். கல்யாண வீட்டில் ஒரு சஹனுக்குச் செலவழிப்பதில் கால்வாசி கொடுத்துக் கதைப் புத்தகம் வாங்க நமக்குக் கை வராது. மிஞ்சிய பெட்டிகள் கட்டிலுக்கடியில் கறையானுக்கு.

இதையாவது பொறுக்கலாம். பொறுக்க முடியாதது விசாரணை. மகளுக்குச் சீதன வீடு கட்டிக் கடனாளியான வாப்பாவைப் பற்றி எழுதினால், "அது யாருட வாப்பா?" என்று ஊர் தேடுகிறது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன உம்மாவைப் பற்றி எழுதினால், "சமூகத்த ஏன் சந்தி சிரிக்க வெக்கிறீங்க?" என்று கேட்கிறது. சீதனம் வாங்கியவர் தலைநிமிர்ந்து நடக்கிறார். அதை எழுதியவர் வெட்கப்பட வேண்டுமாம்!

இன்னும் சிலர், "கதை பொய்தானே, மார்க்கம் தெரிஞ்சவருக்கு இது என்ன வேலை?" என்கிறார்கள். அறிஞர் சித்தி லெப்பைக்குத் தெரியாத மார்க்கமா? 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர், நம் பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபட்டவர். அதே மனிதர்தான் 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். தமிழின் ஆரம்பகால நாவல்களில் அதுவும் ஒன்று. பாடசாலை வேறு, கதை வேறு என்று அவர் நினைக்கவில்லை.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நம்மைப் பற்றி இந்த நாட்டில் பேசாதவர் யார்? தொலைக்காட்சி பேசியது, அரசியல் மேடை பேசியது. பஸ்ஸில் ஏறப் பயந்த நம் உம்மாமாரின் நெஞ்சுக்குள் இருந்ததை அவர்களா சொல்வார்கள்? நம் வீட்டுக்குள் இருந்து ஒருவர்தான் அதை எழுத வேண்டும். அவர் பேனையை மூடிவிட்டால், நாளை நம் பேரப்பிள்ளைகள் அடுத்தவர் எழுதியதைப் படித்துத்தான் நம்மை அறிவார்கள்.

ஆகவே அடுத்த விழாவுக்கு வரும்போது பொன்னாடை வேண்டாம். காசு கொடுத்து 2 பிரதி வாங்குங்கள். ஒன்று வீட்டுக்கு, மற்றது உங்கள் பிள்ளையின் பாடசாலை நூலகத்துக்கு. வாசித்துவிட்டுக் கதை சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அந்தக் குறையைக் கேட்கத்தான் நாங்கள் காத்திருக்கிறோம்.